கேட்காமல் இழுத்த கை

அம்மாவின் கழுத்திலிருந்து வலியடக்கும் பட்டையைக் கழற்றி இன்றோடு ஒன்பது நாள். அம்மா வேலை செய்யும் திருப்பூர் பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிளில் நிற்கும் பெண்களுக்கெல்லாம் அதை மாட்டிவிட்டிருக்கிறார்கள். சூடு உறைக்காவிட்டால் வேலை வேகமாக நடக்குமாம். கை வெந்தால் அவர்களுக்கென்ன? எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் போனவள் நான், பிசியோதெரபி படித்தவள். அம்மா கையில் பதினோரு தழும்பு. லீவு போடவைத்து, சண்டை போட்டுத்தான் கழற்றினேன். நான்கு வருடம் மரத்துக் கிடந்த நரம்பு விழிக்குமா என்பதுதான் பயம். நேற்றுவரை விழிக்கவில்லை.

இன்று காலை தோசைக்கல்லில் அம்மாவின் விரல் பட்டது. கை வெடுக்கென்று பின்னால் வந்தது. அதற்குப் பிறகுதான் "அய்யோ சாமி!" என்று கத்தினாள்.

நான் சிரித்துவிட்டேன்.

"ஆத்தா கையச் சுட்டுக்கிட்டா பல்லக் காட்டறா பாரு!"

"அம்மா, கைய இழுத்தது உன்ற மூள இல்ல, தண்டுவடம். மூளைக்குச் சேதி போறதுக்குள்ள அதுவே இழுத்துருச்சு."

"மேல ஒருத்தருகிட்டயும் கேக்காமயா?"

"கேக்காமத்தான்."

அம்மா விரலை ஊதிக்கொண்டே யோசித்தாள்.

"அப்ப நாளைக்கு வேலைக்குப் போனதும் பக்கத்து டேபிள் மயிலாத்தா பட்டையக் கழட்டிருவேன். சூப்பர்வைசரக் கேக்க வேண்டியதில்ல" என்றாள்.