மூன்று நிமிஷத்துக்கு நஷ்ட ஈடு

“மூணு நிமிஷம்! முழுசா மூணு நிமிஷம் எங்களை ஏமாத்திப்புட்டாங்க!”

மருதுபாண்டி மேசையில் ஓங்கி அறைந்தார். லீக் கமிட்டித் தலைவரின் மைக்கூடு துள்ளி விழுந்தது.

கடலாடி கால்பந்து டீமின் மேனேஜர் அவர். சுதந்திரம் வந்த வருஷத்திலிருந்து ஏ டிவிஷனில் ஆடிய டீம், போன ஞாயிற்றுக்கிழமை கீழக்கரையில் தோற்று, பி டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. “என்ன மேனேஜரே, டீயும் இனி பி டிவிஷன் டீதானா?” என்று எவனோ கேட்டுவைக்க, அன்றிலிருந்து டீக்கடைப் பக்கமே அவர் போகவில்லை. ஐம்பத்திரண்டில் இதே கீழக்கரையில் இடைவேளைக்குப் புளித்த மோர் கொடுத்ததையே இன்னும் மறக்காத மனுஷர். இதை விடுவாரா? ராமநாதபுரத்துக்கே வந்து மனுக் கொடுத்துவிட்டார்.

“நிதானமாச் சொல்லுங்க” என்றார் தலைவர்.

“என்னத்த நிதானம்? டிரா ஆனாலே எங்களுக்குப் போதும். ஒண்ணுக்கு ஒண்ணுல நிக்குது ஆட்டம். கீழக்கரை மைதானத்துல, பள்ளிவாசல்ல சாயங்காலத் தொழுகைக்குக் கூப்புடுற பாங்குச் சத்தம் கேட்டா ஆட்டம் முடிஞ்சது. பந்து கோல் வாசல்ல கெடந்தாலும் முடிஞ்சதுதான். ரெண்டு டீமும் ஒத்துக்கிட்ட வழக்கம். ஆமாவா இல்லையான்னு அந்தா ஒக்காந்திருக்காரே, அவரைக் கேளுங்க!”

கீழக்கரை மேனேஜர் சதக் சிரித்தார். “ஆமா மாமா. யாரு இல்லைன்னா?”

“மாமான்னு கூப்பிடாத! பி டிவிஷன்காரன் ஒனக்கு என்ன மாமன்?”

கமிட்டிக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“அன்னைக்கு ஆறு இருபதுக்குப் பாங்கு. நான் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். இருபது ஆச்சு. இருபத்தொண்ணு ஆச்சு. பாங்கைக் காணோம்! இருபத்திரெண்டுல இவங்க கோல் போட்டாங்க. இருபத்திமூணுல பாங்கு சொல்றாரு பள்ளிவாசல் மோதினார். ஊர்க்காரன் கோல் போடட்டும்னு வாயைக் கட்டிக்கிட்டு நின்னுருக்காரு!”

“சரி, உங்களுக்கு என்ன வேணும்?”

“மறுபடி ஏ டிவிஷன்ல சேக்கணும். இல்லைன்னா இருநூறு ரூபா நஷ்ட ஈடு. பஸ் வாடகை, அன்னைக்கு மைதானத்தை ஒட்டின ஊருணித் தண்ணியில விழுந்து காணாமப்போன கொழும்புப் பந்து, எல்லாம் அதுக்குள்ள அடக்கம்.”

பின்பெஞ்சிலிருந்து அவருடைய ஃபுல்பேக் ஆட்டக்காரன் முத்தழகு மெல்ல எழுந்தான். “அண்ணே, அந்தப் பந்தை மட்டும் விட்ருவமே...”

“நீ ஒக்காருலே! பந்து நல்ல பந்து. நம்ம பந்து போனதும் இவங்க பந்தைப் போட்டு ஆடித்தான் கோலும் போட்டாங்க.” அவர் தலைவரிடம் திரும்பினார். “இன்னொண்ணு. வேணும்னேதான் பாங்கைத் தாமதம் பண்ணேன்னு மோதினார் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும்.”

சதக்கின் சிரிப்பு நின்றுபோனது. “மாமா, அது மட்டும் வேண்டாம். அப்படி எழுதிக் கொடுத்தா ஜமாத்துல ஒரு நாள் அவரை வேலைக்கு வச்சிருக்க மாட்டாங்க. அஞ்சு புள்ளக்காரரு.”

“என் டீமுல பதினோரு புள்ளைக. அதுக தலைகுனிஞ்சு நிக்குதுகளே, அதுக்கு யாரு பதில் சொல்றது?”

வாசலில் காத்திருந்த மோதினாரைக் கூப்பிட்டார்கள். சுஐபு என்று பெயர். மெலிந்த ஆள். இடுப்பில் பழைய சாரம், கையில் பனையோலைப் பெட்டி.

“அன்னைக்குப் பாங்கு தாமதமா?” என்று கேட்டார் தலைவர்.

“ஆமாங்கய்யா. மூணு நிமிஷம் தாமதம்தான்.”

மருதுபாண்டி துள்ளி எழுந்தார். “கேட்டீங்களா? அவர் வாயாலயே ஒத்துக்கிட்டாரு! எழுதுங்க, எழுதுங்க!”

“பொறுங்க. ஏன் தாமதம்?”

மோதினார் ஓலைப்பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு பந்து. தேங்காயெண்ணெய் தடவித் தோல் பளபளவென்றிருந்தது.

“நல்லாக் காஞ்சதும் கொண்டாந்து குடுக்கலாம்னு வச்சிருந்தேன். அன்னைக்குப் பாங்கு சொல்லக் கிளம்புறேன், இது ஊருணியில மெதக்குது. மேல மையால கடலாடின்னு எழுதியிருக்கு. வெளியூர்ப் புள்ளைக பந்தாச்சே, ஊறினா தோலு வீணாப்போயிருமேன்னு எறங்கிட்டேன். கரையேறிச் சேத்தைக் கழுவி, ஈரச் சாரத்தை மாத்துறதுக்குள்ள நேரமாயிருச்சு.” அவர் தலைவரைப் பார்த்தார். “எங்கய்யா கையெழுத்துப் போடணும்?”



மருதுபாண்டியின் காதுக்குள் மட்டும் ஒரு குரல் கேட்டது. அவருடைய குரல்தான். ஞாயிற்றுக்கிழமை ஆறு பதினேழுக்கு, மைதானக் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, முத்தழகைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தியது. “நேரத்தைக் கடத்துலே! பந்தை ஊருணிக்குத் தூக்கி அடி!”

பின்பெஞ்சில் முத்தழகு தலையைத் தூக்கவே இல்லை.

மோதினார் பந்தை எடுத்து மருதுபாண்டியின் கையில் வைத்தார்.

“கோவிச்சுக்கிறாதீங்க மேனேஜரய்யா. கரையோரமா விழுந்திருந்தா ஒரு நொடியில எடுத்துட்டு வந்து, நேரத்துக்கே பாங்கு சொல்லியிருப்பேன். எந்தப் புள்ளையோ பலமா அடிச்சிருச்சு. பந்து நட்டநடு ஊருணிக்குப் போயிருச்சு.”