இரண்டு சர்வரிலும் ஒரே பதில்

கணவனை விட்டு வந்த மூன்றாம் நாள், மகளின் பள்ளிக் கதவு சுடர்விழியை அடையாளம் தெரியாது என்று நிறுத்திவிட்டது. ஒவ்வொருவர் பெயருக்கும் சாட்சி சொல்ல இரண்டு சர்வர்கள் உண்டு; அவற்றைக் கேட்டுத்தான் எந்தக் கதவும் திறக்கும். அவற்றைச் சரிபார்க்கும் பெயர்ச் சோதனை அலுவலகத்துக்கு ஓடினாள்.

“உங்க பேரைச் சொல்ற சர்வர் ரெண்டும் உங்க புருஷன் வீட்டுலயே இருக்கு. ஒரே ஆள் ரெண்டுலயும் கை வைக்காம இருக்க, தனித்தனி இடத்துல வைக்கணும்னு தெரியாதா?” என்றான் அலுவலர் பொழிலன்.

“தாலி கட்டின கையோட ரெண்டையும் அவங்கதான் தூக்கிட்டுப் போனாங்க. அதுக்கு சீல் குத்துனது உங்க ஆபீஸ்தான்.”

அவன் முகம் கடுகடுத்தது. இரண்டு சர்வரிடமும் அவள் பெயரைக் கேட்டான். ‘அப்படி யாரும் இல்லை’ என்றது முதலாவது. இரண்டாவதும் அதையே சொன்னது.

“ரெண்டுலயும் என் பேரை அழிச்சிட்டான். நான் இதோ உங்க முன்னாடிதானே நிக்கிறேன்?”

பொழிலன் நிமிர்ந்து பார்க்காமல் திரையில் பச்சைக் குறி போட்டான்.

“ரெண்டும் ஒரே பதில்தான் சொல்லுது. கோளாறு எதுவும் இல்ல. அடுத்த ஆள் வாங்க.”