பட்டாசு சுடாத நாள்

பிளம்பரின் மனைவி கைக்குழந்தையை வங்கிக் காவலரின் கையில் அப்படியே கொடுத்துவிட்டாள்.

“நீங்க மட்டும் அவசரப்பட்டிருந்தா, இதுக்கு அப்பா இல்லாம போயிருக்கும்ணே.”

காவலருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மதியம் வங்கி மூடும் நேரத்தில், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தலைதெறிக்க ஓடிவந்தான் பிளம்பர். தோள்பையிலிருந்து குழாய்த் துண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அவன் பைக்குள் கையை விட்டதும் கவுன்டரில் இருந்த பெண் அலறினாள். எல்லோரும் மேசைக்கடியில் பதுங்கினார்கள்.

காவலர் தூண் மறைவிலிருந்து ரிவால்வரை நீட்டினார். பாஸ்புக் அச்சடிக்கும் இயந்திரம் மட்டும் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் கடகடத்துக்கொண்டிருந்தது.

பைக்குள்ளிருந்து வெளியே வந்தது பாஸ்புக்.

காவலருக்குப் பட்டாசு என்று பட்டப்பெயர். பயிற்சித் திடலில் ஆறு குண்டையும் ஒரே மூச்சில் சுட்டுத் தள்ளுவார். மற்றவர்கள் இரண்டாவது குண்டுக்குக் குறிபார்க்கும்போது இவர் காலித் தோட்டாக்களைக் கீழே கொட்டிக்கொண்டிருப்பார். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே வங்கியில் எல்லோர் காதிலும் ரத்தம் வரவைத்தவர்.

அப்பேர்ப்பட்ட ஆள் சுடவில்லையே என்று மேலாளருக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திக் கைதட்டச் சொன்னார்.

பாராட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் மனிதர், இன்று தரையைப் பார்த்தபடி நின்றார். தன்னடக்கம் வேறு என்று மேலாளர் அதற்கும் சேர்த்துப் புகழ்ந்தார்.

குழந்தை அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டது. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. விரலை உருவிக்கொள்ளவும் மனம் வரவில்லை.

மாலையில் இரவுக் காவலர் வேலைக்கு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டு அவரும் ஆசையாகக் கைதட்டிவிட்டு, தன் பிஸ்டலை எடுக்கக் காவலர் அறையைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

போன வேகத்தில் திரும்பி வந்து பட்டாசின் தோளைத் தொட்டார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

பட்டாசு குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு அவர் பின்னால் போனார். இரவுக் காவலர் அறைக் கதவைச் சாத்தினார்.

மேசையில் ரிவால்வர் தோட்டாக்கள் ஆறும் காலையில் வைத்த இடத்திலேயே கிடந்தன. பக்கத்தில் இருக்கவேண்டிய பிஸ்டல் தோட்டாக்களைத்தான் காணவில்லை.

காலையில் ஆள் மாறும்போது இருவரும் அந்த மேசையருகே சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டே ரிவால்வரில் தோட்டா நிரப்பிக் காட்டுகிறேன் என்று பட்டாசு சவால் விட்டார். நிரப்பியும் காட்டினார். இரவுக் காவலர் தூக்கக் கலக்கத்தில் சரியாகப் பார்க்காமலே சபாஷ் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

இப்போது அவர் ரிவால்வரை வாங்கித் திறந்தார். உருளைக்குள் இருந்தவை பிஸ்டல் தோட்டாக்கள். ரிவால்வர் தோட்டாவைப் போல அடியில் விளிம்பு இல்லாததால் குழிகளுக்குள் ஆழமாக இறங்கிக் கிடந்தன. துப்பாக்கியின் சுத்தியல் எத்தனை தடவை அடித்தாலும் அவற்றை எட்டாது.

“எத்தனை தடவைய்யா விசையை அழுத்தினே?”

வெளியே பிளம்பர் குழந்தைக்கு ஏதோ விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். அது சிரிக்கும் சத்தம் கேட்டது.

பட்டாசு தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார்.

“ஆறும்,” என்றார்.