நானூற்று எண்பது டாலர் ராத்திரி

ஜூன் 3. இன்றைய தவறு: மின்கட்டண ரசீதைக் குப்பையில் போட்டுவிட்டு, பீட்சா விளம்பரத்தைக் கோப்பில் பத்திரப்படுத்திவிட்டேன். மற்றபடி தபால் எல்லாம் முடிந்தது. பல் டாக்டருக்குத் தேதி மாற்றியாயிற்று. முதலாளி மகள் கல்யாண அழைப்பிதழுக்கு, 'கை இறுக்கம், வர இயலாது' என்று முதல் வரியைப் படித்ததுமே பதில் போட்டாயிற்று. நாளைய வேலை: குப்பையைக் கிளற வேண்டும்.

தினம் ஒரு தவறும் மறுநாளைக்கு ஒரு வேலையும் எழுதச் சொன்னவர், மாலை வகுப்பில் கணக்கியல் நடத்தும் ஆசிரியை. மற்ற மாணவர்களுக்கு ஒரு நோட்டு போதுமாக இருந்தது. எம்மெட் மூன்றாவது நோட்டில் இருந்தான்.

அந்த மூன்றாவது நோட்டோடுதான் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், விஸ்கான்சின் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் நாலாவது மாடிக்கு மனைவி கிரெட்டாவுடன் வந்து சேர்ந்தான். வந்ததும் ஹோட்டலின் வெள்ளைக் குளியல் அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

ஹோட்டல் பெயர் போட்ட கிரெடிட் கார்டு அவனிடம் இருந்தது. வருடக் கட்டணம் தொண்ணூற்றைந்து டாலர். பதிலுக்கு வருடத்துக்கு ஒரு ராத்திரி இலவசம். இதைவிட நல்ல ராத்திரி வரும், இதைவிட நல்ல ராத்திரி வரும் என்று காத்திருந்தே இரண்டு வருட ராத்திரிகளைக் காலாவதி ஆக்கியிருந்தான்.

மூன்றாவது வருடம் கிரெட்டா கத்தரிக்கோலைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் கதவில் மாட்டினாள். "இந்தத் தடவையும் வீணாச்சுன்னா, கார்டை நானே வெட்டிடுவேன்."

எம்மெட் உட்கார்ந்து தொண்ணூறு நாள் வாடகையை அட்டவணை போட்டான். மற்ற நாளெல்லாம் நூற்று அறுபது டாலர். இந்த ஒரு சனிக்கிழமை மட்டும் நானூற்று எண்பது. ஏன் என்பதற்கு அட்டவணையில் கட்டம் இல்லை.

"இன்னைக்கு மட்டும் ஏன் இவ்வளவு விலை?" என்று கிரெட்டா தலையணையில் சாய்ந்துகொண்டே கேட்டாள்.

"அது ஹோட்டல்காரன் கவலை. விலை ஏற ஏற நமக்கு லாபம்."

"நாமதான் ஒண்ணுமே குடுக்கலையே. அப்புறம் என்ன லாபம்?"

"குடுக்காத காசு ஏறுதுல்ல?"

"கணக்கியல்ல நீ பாஸாகப் போறதில்ல, எம்மெட்."

ஐஸ் எடுக்கக் கீழே போனான், அங்கியும் ஹோட்டல் செருப்புமாக. வரவேற்புக் கூடத்தில் வெள்ளை விரிப்புப் போட்ட மேஜை. அதன்மேல் எலுமிச்சைச் சாறு. சர்க்கரை பூசிய பாதாம் போட்ட குட்டிக் குட்டி வலைப்பைகள். கார்டுக்காரர்களுக்கு என்னமாய் மரியாதை செய்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோனான்.

தனக்கு ஒன்று, கிரெட்டாவுக்கு ஒன்று. மாமியாருக்கு இரண்டு. ஆறாவது பையை அங்கிப் பாக்கெட்டில் திணிக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"எம்மெட்?"

அவன் வேலை பார்க்கும் இரும்புச் சாமான் கடையின் முதலாளி மெர்ல். வளைந்த ஆணியைக்கூட நிமிர்த்தி டப்பாவில் போட்டு வைக்கிற மனுஷர், இன்று கோட்டு சூட்டில், கோட்டுக் காலரில் குத்திய வெள்ளைப் பூவோடு நின்றார். கண் கலங்கியிருந்தது.

"கை இறுக்கம்னு எழுதியிருந்த. இருந்தும் என் பொண்ணு கல்யாணத்துக்கு இந்த விலை குடுத்து வந்துட்டியேப்பா!" என்று கட்டிப்பிடித்தார். இருவருக்கும் நடுவில் பாதாம் நொறுங்கியது.

உண்மையைச் சொல்ல எம்மெட் வாயைத் திறந்தான். "உங்க பொண்ணாச்சே, மெர்ல்" என்றுதான் வந்தது.

"ரூம் காசை நீ குடுக்கக் கூடாது." அவர் அவன் கையைப் பிடித்து வரவேற்பு மேஜைக்கு இழுத்துப் போனார். "ஏம்மா, இவர் ரூமையும் என் பில்லுல சேத்துடு."

"வேண்டாம் மெர்ல். வேண்டவே வேண்டாம்."

"சும்மா இருப்பா."

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் கணினித் திரையைப் பார்த்தாள். "இந்த ரூமுக்குக் காசே இல்லையே சார். இவரோட கார்டுக்குக் கிடைச்ச இலவச ராத்திரி."

மெர்ல் திரையைப் பார்த்தார். அங்கியைப் பார்த்தார். புடைத்திருந்த பாக்கெட்டையும் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு இங்க வந்து நில்லு. அந்தக் கார்டையும் எடுத்துக்கிட்டு வா." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

மாடியில் அவன் சொன்ன எல்லாவற்றையும் கேட்ட கிரெட்டா, "கார்டை எதுக்குக் கேக்கறார்?" என்றாள்.

"வெட்டத்தான். என்னையும் சேத்து."

"கார்டை வெட்டறது என் உரிமை" என்றாள் கிரெட்டா. பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வேலை போயிடுமா?"

எம்மெட் நோட்டைத் திறந்தான். அக்டோபர் 11. இன்றைய தவறு: விலை ஏன் ஏறியது என்று கேட்காதது. நாளைய வேலை: எட்டு மணிக்கு வேலையை இழக்க வேண்டும்.

மை காய்வதற்குள் கதவு தட்டப்பட்டது. வெளியே மெர்ல். வராந்தாவில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். கீழே வயலின் வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"எட்டு மணி வரைக்கும் பொறுக்க முடியலப்பா" என்றார், குரலைத் தாழ்த்தி. "சொந்தக்காரங்களுக்குப் பதினாலு ரூம், முழு விலையும் சுளையாக் கட்டியிருக்கேன். அந்தக் கார்டை எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுப்பியா?"

கதவைச் சாத்திவிட்டு எம்மெட் நோட்டின் கடைசி வரியைக் கோடு போட்டு அடித்தான். அதன் கீழே எழுதினான்.

நாளைய வேலை: முதலாளிக்குக் கார்டு.