புதன்கிழமைப் பின்னம்

"அரையும் மூணுல ஒண்ணும் சேர்ந்தா அஞ்சுல ரெண்டாம்." அம்மா கணக்கு நோட்டை அப்பாவின் கையில் திணித்தாள். "நீங்க சொல்லிக்கொடுத்த லட்சணம்."

அப்பா இன்னும் உட்காரக்கூட இல்லை. எட்டு மாதமாக அவர் தனி வீட்டில் இருக்கிறார். மகளுக்குப் பின்னம் ஏறவில்லை என்பதால் மூன்று மாதமாகப் புதன்கிழமை மட்டும் இங்கே வர அனுமதி.

ஊரார் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளக்கிற சர்வேயர் அவர். பெற்ற பெண்ணின் நோட்டில் பத்துக்குப் பத்தும் தப்பு என்றால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

பழைய செய்தித்தாளில் நீளமாக ஒரு துண்டு கிழித்தார். "இங்க பாரும்மா. பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்க்கிறோம். விடை பாதியவிடக் கம்மியா வருமா?"

"வராதுப்பா," என்றாள் மகள். "ஆறா மடிங்க. அப்பதான் ரெண்டும் சரியா கோட்டுல வந்து நிக்கும்."

அப்பா மடித்தார். சமையலறையில் அம்மா ஒரு பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள்.

"காபி வேணுமான்னு கேளுடி." திட்டுவது மட்டும்தான் நேரில், மற்றதெல்லாம் மகள் வழியாக.

"வேணாம்னு சொல்லும்மா," என்றார் அப்பா. காபி வந்தது. குடித்தார்.

பாதிக்கு மூன்று கட்டம், மூன்றில் ஒன்றுக்கு இரண்டு கட்டம், ஆக ஆறில் ஐந்து. மகள் தலையாட்டினாள். போன புதனும் இதே மாதிரிதான் ஆட்டினாள்.

அப்பா காகிதத்தை மடித்து வைத்தார். "எனக்குச் சொல்லித்தரத் தெரியலம்மா. மூணு மாசமா ஒரே தப்பு. அடுத்த வாரத்துலேருந்து ஒரு டியூஷன் டீச்சர் வருவாங்க. நான் வரல."

சமையலறையில் சத்தம் நின்றுபோனது. மகள் அந்தப் பக்கம் பார்த்தாள். அங்கிருந்து யாரும் வெளியே வரவில்லை.

அப்பா வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தார். மகள் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பின்னம் எப்பவோ வந்திருச்சுப்பா. செவ்வாய்க்கிழமை வந்தா அம்மாதான் எல்லாத்தையும் அழிச்சுட்டுத் தப்பா எழுதச் சொல்றாங்க."