மாடிக்கு வராதீங்க!

வெயில் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க அவன் கண்டுபிடித்து மாடியில் வைத்திருந்த தகடு, ஒரு வாரமாக பல்பைப் பளிச்சென்று எரித்தது. அதை வாங்க நினைக்கும் கம்பெனிக்காரர்கள் நாளை பார்க்க வர இருக்க, இன்று மக்கர் பண்ணியது.

"வெயில் கொளுத்துது. ஆனா பல்பு எரியலையே!" தலையைப் பிய்த்துக்கொண்டான். "உங்கம்மாதான் கை வெச்சிருப்பாங்க."

"அவங்களைத்தான் நேத்தே மாடிக்கு வராதீங்கன்னுட்டீங்களே?" என்றாள் மனைவி.

குழப்பம் கூடியது. மாமியாரிடமே போனான்.

"அத்தை, தகட்டை என்ன பண்ணீங்க?"

"அடிப்பக்கமும் சுட்டுச்சு மாப்பிள்ளை. உருகிடுமோன்னு பயந்து, நீங்க வராதீங்கன்னு சொல்ற வரைக்கும் போறப்ப வர்றப்பல்லாம் அடியில தண்ணி தெளிச்சேன். இனிமே தொடமாட்டேன்."

மேலே சூடும் அடியில் குளிர்ச்சியும் இருந்தால்தான் மின்சாரம் வரும். அது அவனுக்குத் தெரியும். குளிர வைத்தது யாரென்றுதான் தெரியாமல் போயிற்று.

"நாளைக்கு அவங்க வர்றப்போ, நீங்க என் பக்கத்துலயே இருக்கணும் அத்தை."