புற்று வாசலில் ஒரு கீரி

கீரிப் படையிலிருந்து விலகி வந்த கீரி ஒன்று, புற்றுப் புற்றாகப் போய்ச் சமாதானம் பேசிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வேலியோரப் புற்றில் மட்டும் ஒரு பெண் நாகம் தலையை நீட்டியது.

"என் புருஷனைக் கொன்ற கூட்டத்தில் நீயும் இருந்தாயா?"

"இருந்தேன். வாலைக் கவ்விப் பிடித்தது நான்தான்" என்றது கீரி.

நாகம் படமெடுத்தது. பழைய பழக்கத்தில் கீரிக்கு மயிர் சிலிர்த்தது. இங்கிருந்து ஓடினால் அடுத்த புற்றுக்கு எந்த முகத்தோடு போவது என்று அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"சமாதானம் பேச வருகிறவன் பல்லைக் கழற்றி வைத்துவிட்டு வரக்கூடாதா?" என்றது நாகம்.

"கழற்றிப் பார்த்தேன். வரவில்லை."

நாகம் படத்தைச் சுருக்கிக்கொண்டது. "என் விஷமும் அப்படித்தான். அந்தக் கல்லுக்கு அப்பால் உட்கார்ந்து பேசு."

கீரி தள்ளி உட்கார்ந்தது. பேசுவதற்கென்று மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"அவர் பெயர் என்ன?" என்று கேட்டது.

நாகம் ஒரு பெயரைச் சொன்னது. அதன்பின் பொழுது சாயும்வரை பேசியது நாகம்தான்.